ஊற்றாமல் விட்ட ஒரு வாளித் தண்ணீர்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

ஹைபிரிட் வகுப்பு முடித்துச் சான்றிதழும் கையுமாகக் கராஜுகளுக்குள் நுழைந்திருக்கிறீர்கள். உங்கள் ஆசிரியர் என்னைத் தேடி வந்து, "அனுபவசாலி நீங்க, பிள்ளையளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாங்க" என்று கேட்டார். நல்ல வார்த்தை என்னிடம் இல்லை என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கொப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டார். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார். அது தன்னடக்கம் இல்லை.

ஹைபிரிட் கார் வைத்திருக்கும் நம் சனங்களைப் பற்றி எழுதுவதென்றால் இந்தக் கொப்பி போதாது. பெற்றோல் குறையக் குடிக்கும் என்று கேள்விப்பட்டு வாங்குவார்கள். வாங்கிய பிறகு அந்தக் காருக்கு வேறு ஏதாவது தேவைப்படும் என்று கனவிலும் நினைக்க மாட்டார்கள். பின் சீற்றுக்குப் பக்கத்தில் பற்றரி மூச்சு வாங்குகிற ஓட்டை ஒன்று இருக்கிறது அல்லவா, அதன் மேல் தலையணை, பிள்ளையின் புத்தகப்பை, வயல் வட்டையிலிருந்து வந்த நெல் மூட்டை எல்லாம் இருக்கும். செங்கலடியில் ஒருவர், "அதுக்குள்ள இருந்து ஒரே இரைச்சல் வருது பாஸ், நித்திரை கொள்ள ஏலாம இரிக்கு" என்று தான் உடுத்தின பழைய சாரத்தைச் சுருட்டி அந்த ஓட்டைக்குள் அடைத்து வைத்திருந்தார். பற்றரி வெந்து போன பிறகு, ஜப்பான்காரன் ஏமாற்றிவிட்டான் என்று என்னிடம் வந்து கத்தினார்.

இப்படிப்பட்டவர்களை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். நீங்களும் திட்டுவீர்கள். காருக்கு மனிதர்கள் செய்த அநியாயம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காரை வைத்து ஒரு மனிதனுக்கு நான் செய்த அநியாயம் ஒன்று இருக்கிறது. அவனை அவன் மனைவி பிள்ளையோடு இருந்த வீட்டிலிருந்து கிளப்பிவிட்டவன் நான். இதுவரை யாருக்கும் எழுதவில்லை. உங்கள் ஆசிரியர் கேட்டார், வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லடியில் ஒரு குடும்பம். பெரியவர் அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் கந்தோர் ஐயா. ஒரே மகள், பள்ளிக்கூட ரீச்சர். நம் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்கு எழுதியாகிவிட்டது. மருமகன் வந்து அந்த வீட்டில் இருந்தான். பெயர் சுதன் என்று வைத்துக்கொள்வோம். புளியந்தீவில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. அவனுடைய அப்பா வாவியில் தோணி வைத்து மீன் பிடிக்கிறவர். மகள் விரும்பிக் கட்டிய மாப்பிள்ளை. கந்தோர் ஐயா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பேத்தி பிறந்து எட்டு மாதமான பிறகும் மருமகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மாமனார் வீட்டில் வந்திருக்கிற மனிதனின் நிலைமை உங்களில் கலியாணம் முடித்தவர்களுக்குத் தெரியும். நல்ல மாமனார் என்றால் ராசா. இல்லையென்றால் கதிரையில் சாய்ந்து உட்காரவும் யோசிக்க வேண்டும். சுதன் இரண்டாவது வகை. கந்தோர் ஐயா ஓய்வுக்குப் பின் வாங்கிய அந்த வெள்ளை ஹைபிரிட்டை ஓட்டுவது, கழுவுவது, கராஜுக்குக் கொண்டு வருவது எல்லாம் அவன்தான். ஆனாலும் திறப்பு மாமனாரின் அறையில் ஆணியில்தான் தொங்கும். ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு நாள் செங்கலடிச் சந்தைக்கு முன்னால் ஓட்டோ ஒன்று பின்னால் இடித்து, வலப்பக்கப் பின் லைட் நொறுங்கிவிட்டது. சுதன் காரை என் கராஜுக்குக் கொண்டு வந்தான். பழைய சாமான் கடையில் இருந்து ஒரு லைட் எடுப்பித்துப் பூட்டினேன். பூட்டும்போது பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். லைட்டின் பின்பக்கத்து ரப்பரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, இந்த ரப்பர் நசுங்கிக் கிடக்கு. மாரிக்குத் தண்ணி இறங்கும் போல."

"நீ உன்ட தோணியப் பாரு தம்பி. கார நான் பாக்கிறன்" என்றேன்.

கராஜில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். புது ரப்பர் வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து வர நாலு நாள் ஆகும். நான் பழைய ரப்பரோடேயே இறுக்கி அனுப்பினேன். இந்த இடத்தில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. சோம்பல்தான். நீங்களும் செய்வீர்கள்.

பிறகு மாரி தொடங்கியது. அந்த வருசம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஒரு காலையில் கந்தோர் ஐயாவின் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மீற்றர் பலகையில் சிவப்பு முக்கோணம் எரிகிறது, கார் அசையவில்லை. கூடவே ஐயா, குடையைப் பிடித்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு. பின்னால் நனைந்தபடி சுதன். மழைக்கு ஒதுங்கிய சனத்தாலும் வேலைக்கு வந்த வாகனங்களாலும் கராஜ் நிறைந்து போயிருந்தது.

டிக்கியைத் திறந்து விரிப்பைக் கிளப்பினேன். குப்பென்று இறால் வாடை. பற்றரி மூடியைக் கழற்றினேன். வலப்பக்க மூலையில் ஈரம், செப்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. நான் வாயைத் திறக்க முதல் கந்தோர் ஐயா கேட்டார்.

"பாஸ், போன மாசம் நீங்கதானே பின்பக்கம் கழட்டிப் பூட்டின? அதால ஏதும் வந்ததோ?"

தம்பிமாரே, இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். சுற்றி நின்ற எல்லோருடைய கண்ணும் என் மேல். அதில் மூன்று பேர் ஹைபிரிட் கார் வைத்திருக்கிறவர்கள். இந்தப் பக்கத்தில் ஹைபிரிட் என்றால் என்னிடம்தான் வர வேண்டும் என்று நான் வருசக்கணக்காகக் கட்டி வைத்த பெயர் அந்த ஒரு கேள்வியில் ஆடியது. எனக்குக் கோபம் வந்தது. என்னையா கேட்கிறீர் என்ற கோபம். மூக்கில் இறால் வாடை இருந்தது. பதிலும் அங்கேயே இருந்தது.

"இது மழைத் தண்ணி இல்ல ஐயா. ஐஸ் பெட்டித் தண்ணி. உப்பு. டிக்கியில மீன் ஏத்தி இரிக்கு" என்றேன்.

சுதன் முன்னால் வந்தான். "நான் ஐஸ் பெட்டி ஏத்தல்ல மாமா. அப்பா தாற இறாலத்தான் பேக்குல கொண்டு வாறன். உங்களுக்கெண்டு தாறதுதானே. அதுவும் ரெண்டு பேக் போட்டு, இறுக்கிக் கட்டி."

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மனிதர் சம்பந்தி வீட்டுக்கு இறால் அனுப்புவார். கந்தோர் ஐயா அதைச் சுவைத்துச் சாப்பிடுவார். அந்த நேரம் வாடை தெரியாது.

சுதன் என் பக்கம் திரும்பினான். "அண்ணே, அந்த லைட்டையும் ஒருக்காப் பாருங்களன். ஒரு வாளித் தண்ணிய மேலால ஊத்திப் பாப்பம். தோணியில ஓட்டை தேடுறதெண்டா எங்கட அப்பா அப்பிடித்தான் செய்வார். ஊத்தினா எங்கால வருதெண்டு தெரிஞ்சிரும்."

வாளி என் காலடியில் இருந்தது. கூரைத் தண்ணீர் அதில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குனிந்து எடுத்து ஊற்ற ஒரு நிமிசம் போதும். பச்சை பூத்திருந்தது லைட்டுக்கு நேர் கீழே இருந்த மூலையில் மட்டும்தான், நடுவில் தகடு காய்ந்து சுத்தமாகக் கிடந்தது. பெட்டி வைத்தால் நடுவில் அல்லவா வைப்பான்? மழைத் தண்ணீருக்கும் செம்பு பச்சை பூக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிய விருப்பம் இல்லை.

"இது தோணி இல்ல தம்பி" என்றேன்.

மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

கந்தோர் ஐயா குடையை மடக்கினார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை அவர். அன்றைக்குப் போட்டார். "மீன் ஏத்தவாடா நான் கார் வாங்கினன்? எங்க கொண்டு வந்து வெச்சாலும் உங்கட வாடிப் புத்தி போகாதா?"

வாடி என்றால் மீன்காரர் வலை வைத்திருக்கும் கொட்டில். அப்பனையும் சேர்த்துச் சொன்ன பேச்சு அது. சுதனின் முகம் செத்துப் போயிற்று. காற்சட்டைப் பையில் இருந்து கார்த் திறப்பை எடுத்தான். பொனற்றின் மேல் வைத்தான். "ஏத்தாதத்த ஏத்தினன் எண்டு சொல்ல எனக்கு ஏலா மாமா" என்றான். மழைக்குள் இறங்கிக் கல்லடிப் பாலத்தின் பக்கம் நடந்தான். அந்த வீட்டுக்கு அவன் திரும்பிப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து மகள் வந்தாள். பள்ளிக்கூடச் சேலையோடு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அண்ணே, ஐஸ் பெட்டிய நீங்க கண்ணால கண்டீங்களா?"

"கண்ணால காணல்ல தங்கச்சி. ஆனா தொழில் தெரிஞ்சவனுக்கு விளங்கும்."

அவள் என்னையே பார்த்தாள். "அவர் பொய் சொல்ற ஆள் இல்ல" என்றாள். "அப்பாவுக்கு உங்கட சொல்லுத்தான் வேதவாக்கா இரிக்கு" என்றாள். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் போய்விட்டாள். தை பிறந்ததும் சுதன் இரண்டு வருச ஒப்பந்தத்தில் கட்டாருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். நல்லது, நாலு காசு சேர்ப்பான் என்று என் மனைவியிடம் சொன்னேன். மனிதன் தன்னைத் தானே ஏமாற்றுவதற்கு எத்தனை நல்ல வார்த்தைகள் வைத்திருக்கிறான் பாருங்கள்.

தகடுகளைத் துடைத்து, ரப்பரைத் தொடாமலே காரைத் திருப்பி அனுப்பியிருந்தேன். அடுத்த மாரி வந்தது. அதே கார், அதே சிவப்பு முக்கோணம். இந்தத் தடவை கந்தோர் ஐயா காரை மட்டும் அனுப்பியிருந்தார். டிக்கியைத் திறந்தேன். வாடை இல்லை. ஒரு வருசமாக அந்தக் காருக்குள் ஒரு இறால் கால்கூடப் போகவில்லை. மூடியைக் கழற்றினேன். அதே மூலை. அதே பச்சை.

கராஜில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். வாளியை எடுத்தேன். லைட்டுக்கு மேலால் ஊற்றினேன். உள்ளே டோர்ச்சைப் பிடித்தேன். பாதி வாளி முடிய முதலே தண்ணீர் ரப்பருக்குப் பின்னால் வழிந்து, தகரத்தில் இறங்கி, பற்றரிப் பெட்டியின் மூலைக்கு வந்து சொட்டியது. சரியாக அவன் விரலால் தடவிக் காட்டிய ரப்பர் வழியாக. அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். அட பாவி, அட பாவி என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? கொழும்பில் இருந்து புது ரப்பர் எடுப்பித்துப் போட்டேன். தகடுகளைச் சுத்தம் செய்தேன். கந்தோர் ஐயாவுக்குப் போன் எடுத்து, "சின்னப் பிழைதான் ஐயா, சரிபண்ணியாச்சு" என்றேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வாரம் போனால், பிறகு அந்த ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டும். மாதம் போனால் இன்னும் கஷ்டம். பிழையைவிட, பிழையை மறைத்த நாட்கள்தான் கனத்துக்கொண்டே போகும். கராஜ் வாசலில் பெயர்ப்பலகைக்குப் புதுப் பெயின்ற் அடித்தது அந்த வருசத்தில்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் மாரியில் மகள் எண்ணெய் மாற்றக் கார் கொண்டு வந்தாள். வாங்கில் உட்கார்ந்து, கேட்காமலே சொன்னாள். "தையோட அவர்ட ரெண்டு வருசம் முடியுது அண்ணே. வாங்க எண்டு கெஞ்சுறன். அந்த வீட்டுக்கு எந்த முகத்தோட வாற எண்டு கேக்கிறார். வேற வீடு எடுப்பம் எண்டாலும், பொய்யன் எண்ட பேரோட ஊருக்குள்ள ஏலாதாம்."

உண்மை என் வாய்க்குள் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் இன்னொரு கார் உள்ளே வந்து ஹோர்ன் அடித்தது. நான் எழும்பிப் போனேன். ஹோர்ன் அடித்தவனை அன்றைக்கு மனதுக்குள் வாழ்த்தினேன், வெட்கம் கெட்டவன்.

போன சித்திரையோடு கராஜைக் கொடுத்துவிட்டேன். பெயர்ப்பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தபோது, காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை என்று விளங்கியது. அதற்குப் பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. இதைத் துணிச்சல் என்று சொல்லவும் வாய் கூசுகிறது. ஆவணியில் ஒரு பின்னேரம் கல்லடிக்குப் போனேன்.

கந்தோர் ஐயா விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே முழுவதையும் சொன்னேன். ரப்பர், வாளி, வாடை, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அத இப்ப வந்து என்னத்துக்குச் சொல்றீங்க?" என்று கேட்டார். "நான் ஊரெல்லாம் சொல்லிட்டன். சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிட்டன். இனி நான் ஆரிட்டப் போய் என்ன சொல்ற?"

என் மேல் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு அந்தப் பொய் தேவையாக இருந்தது. அதை முதன்முதல் அவர் கையில் கொடுத்தவன் நான்.

மகள் கதவடியில் நின்றிருக்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு பேத்தி. அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் போனை எடுத்து அழுத்தி, மணி போகும்போதே என்னிடம் நீட்டினாள்.

"எனக்குச் சொல்ல வேணாம். அவருக்குச் சொல்லுங்க."

"ஹலோ" என்றது அவன் குரல். பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம்.

"தம்பி, நான் பாஸ் கதைக்கிறன்."

"சொல்லுங்க அண்ணே" என்றான். அதே அண்ணே. சொன்னேன். முடித்த பிறகு கேட்டான்.

"ரப்பர மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டன் தம்பி. புது ரப்பர். இனித் தண்ணி இறங்காது."

"எப்ப மாத்தின?"

இந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாகப் போகவில்லை. மன்னிப்புக்கு ஆயத்தமாகப் போயிருந்தேன், ஏச்சுக்கு ஆயத்தமாகப் போயிருந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். போன கிழமை என்று சொல்லியிருக்கலாம். மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன மாரிக்கு முந்தின மாரி" என்றேன்.

அவன் இயந்திரத்தை விட்டுத் தள்ளிப் போனான் போல, சத்தம் குறைந்தது.

"நான் இந்த மாசியிலதான் மறுகா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வெச்சன் அண்ணே" என்றான்.

அதற்குப் பிறகு போனை வைத்துவிட்டான். மகள் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பேத்தி மட்டும் கதவடியில் நின்று, "அப்பாவோட கதைச்சீங்களா?" என்று என்னைக் கேட்டது. ஓம் என்றேன்.

பிள்ளையளே, ஸ்கானர் உங்களுக்குக் கோளாறைச் சொல்லும். ஆளைச் சொல்லாது. ஆளைச் சொல்வது நம் வாய்தான். நீங்கள் பற்றரியைப் பார்த்துச் சொல்வதை ஒரு வீடு முழுக்க நம்பிக்கொண்டு நிற்கும் என்பதை எந்த வகுப்பிலும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். உங்கள் கராஜில் குழாய் இருக்கிறது, வாளியும் இருக்கிறது. எவன் சொன்னாலும், அவன் தோணிக்காரன் என்றாலும், ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் உங்கள் பிழையின் வழியாக வந்தால், கை காய முதல் போய்ச் சொல்லுங்கள்.

சுதனின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருசத்துக்கு மேல் இருக்கிறது. அந்தப் பின் லைட்டால் இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்குவதில்லை.